லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் என்றால் யார்? சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடு கட்டுபவர்களுக்கு

சேலத்தில் வீடு கட்டப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் உடனே கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “லைசென்ஸ் இருக்கிற கான்ட்ராக்டராகப் பார்த்துக் கொடுங்கள்.” கன்னங்குறிச்சியில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது எனக்கும் அதையே சொன்னார்கள். நானும் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் நீட்டிய பிளாஸ்டிக் உறைபோட்ட சான்றிதழைப் பார்த்து மனம் நிறைந்து முன்பணம் கொடுத்தேன். அது பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொண்டதற்கான சான்றிதழ் என்பதும், அரசு டெண்டரில் எத்தனை மதிப்புள்ள வேலை வரை அவர் கேட்கலாம் என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை என்பதும் பேஸ்மென்ட் எழும்பிய பிறகே எனக்குத் தெரிந்தது.

தனிநபருக்கு வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர் கட்டாயம் பெற்றிருக்க வேண்டிய உரிமம் என்று தமிழ்நாட்டில் ஒன்று இல்லை. கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர்களுக்கென்றே ஓர் உரிம வாரியம் உண்டு. எண்ணைத் தட்டினால் அவர் மீதுள்ள நடவடிக்கை வரை இணையத்தில் பார்த்துவிடலாம். அங்கே வேலை பார்க்கும் மகனோ மகளோ “லைசென்ஸ் நம்பர் வாங்கி அனுப்புங்கப்பா” என்று சொல்வது அந்த ஊர்ப் பழக்கத்தில்தான். நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டால் பொதுப்பணித் துறைப் பதிவையோ, ஜிஎஸ்டி சான்றையோ, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையோ காட்டுவார்கள். மூன்றும் மெய்யான ஆவணங்கள்தாம். மூன்றில் எதுவும் அவர் கட்டிய கூரை ஒழுகாது என்று சொல்வதற்காகத் தரப்பட்டதன்று.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். உங்கள் வீட்டு வேலையில் யாருக்கெல்லாம் சட்டப்படி பதிவோ உரிமமோ வேண்டும் என்று பார்த்தால் இருவர் தேறுகிறார்கள். முதலாமவர் வரைபடத்தில் கையெழுத்திடும் பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி விண்ணப்பத்துக்கு இவருடைய கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். இரண்டாமவர் மின் ஒப்பந்ததாரர். இவருக்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் உரிமம் தருகிறது. வயரிங் செய்பவரும் அந்த வாரியத்தின் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். மெயின் கான்ட்ராக்டர் தன் சொந்தக்காரப் பையனைக் கொண்டு பைப் புதைத்து வயர் இழுத்துவிட்டு, கடைசியில் மின் இணைப்பு விண்ணப்பத்துக்காக வேறொருவரின் முத்திரையை வாங்கி வருவது எங்கும் நடக்கிறது. உரிமம் இருக்கிறதா என்று வற்புறுத்திக் கேட்க வேண்டிய இடம் அதுதான், ஆனால் நாம் பெரும்பாலும் அங்கே கேட்பதில்லை.

பொறியாளர் விஷயத்திலும் இதே வழக்கம் உண்டு. அனுமதிக்குக் கையெழுத்திடுபவர் ஒருவர், வேலையைப் பார்ப்பவர் மற்றொருவர். கையெழுத்திட்டவர் உங்கள் மனையை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் தரைத்தள வீடுகளுக்கும் தரைத்தளத்தோடு ஒரு மாடி உள்ள வீடுகளுக்கும் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், தவறு இருந்தால் தடுப்பார் என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை. சான்றளிப்பவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. ஒப்பந்ததாரரிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்காத, உங்களிடம் மட்டும் சம்பளம் வாங்கும் பொறியாளர் ஒருவரை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே அமர்த்திக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கான்ட்ராக்டரே “எங்கள் இன்ஜினீயர் பார்த்துக்கொள்வார்” என்று சொன்னால், அவர் யாருடைய பொறியாளர் என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது.

ஆளைப் பார்ப்பது

பெயர் கிடைத்தவுடன் விலை கேட்காதீர்கள். மூன்று முகவரி கேளுங்கள்: இப்போது வேலை நடக்கும் வீடு ஒன்று, குடிபுகுந்து இரண்டு மழைக்காலம் கடந்த வீடு ஒன்று, அவரே பெருமையாகக் காட்ட விரும்பும் வீடு ஒன்று. மூன்றாவதை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டும்தான் முக்கியம்.

பழைய வீட்டுக்குக் கான்ட்ராக்டர் இல்லாமல் போக வேண்டும். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையில் கறை இருக்கிறதா, மொட்டை மாடித் தளமும் பாரபெட் சுவரும் சேரும் மூலையில் வெடிப்பு ஓடுகிறதா, சன்ஷேடின் அடிப்பகுதியில் பூச்சு உப்பி நிற்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஒரு கீறல் மேலிருந்து கீழே இறங்கியிருந்தால், அந்தச் சேர்க்கையில் கோழிவலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிறகு அந்த வீட்டு அம்மாவிடம் பேசுங்கள். ஐயா “பரவாயில்லைங்க, நல்லாத்தான் கட்டினார்” என்று முடித்துவிடுவார். எந்தக் குழாய் எத்தனை முறை ஒழுகியது, கூப்பிட்டால் எத்தனை நாள் கழித்து ஆள் வந்தது என்பது அம்மாவுக்குத்தான் நினைவிருக்கும்.

வேலை நடக்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை வேறு. கான்கிரீட் போடும் முன் கம்பிகளுக்கு அடியில் அளவான சிமென்ட் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, கைக்குக் கிடைத்த ஜல்லியையும் ஓட்டுத் துண்டையும் செருகியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் மூடாக்கு, வழக்கமான வீடுகளில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. இது குறைந்தால் பத்துப் பதினைந்து ஆண்டில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். சிமென்ட் மூட்டைகள் பலகைமேல் அடுக்கப்பட்டுள்ளனவா, வெறுந்தரையிலா? செங்கல் நனைத்துக் கட்டப்படுகிறதா? இவ்வளவும் பார்த்த பின் மேஸ்திரியோடு பத்து நிமிடம் நின்று பேசுங்கள். இந்தக் கான்ட்ராக்டரிடம் எத்தனை வருடமாக வேலை செய்கிறார், சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே வருகிறதா என்று கேளுங்கள். உங்கள் வீட்டைக் கட்டப் போவது கையெழுத்திடும் கான்ட்ராக்டர் அல்லர், இந்த மேஸ்திரிதான். சம்பளம் இழுபறியாக வரும் இடத்தில் நல்ல கொத்தனார் நிலைப்பதில்லை. வாரத்துக்கொரு புது ஆள் வந்து, சுவருக்கொரு கைப்பழக்கமாக வீடு எழும்பும்.

ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டு, யார் பெயரில் இருக்கிறது, கணக்குத் தாக்கல் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பணம் செலுத்தும் வங்கிக் கணக்கும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும். மனைவி பெயரில், தம்பி பெயரில், “இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க” என்று வேறு எண்கள் வரத் தொடங்கினால், பின்னால் வழக்கு என்று வரும்போது நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

லேபரா, ஃபுல் கான்ட்ராக்டா

பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து ஆள் கூலியை மட்டும் பேசுவது லேபர் கான்ட்ராக்ட். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது ஃபுல் கான்ட்ராக்ட். இவற்றுக்கு நடுவே, சிமென்டும் கம்பியும் உங்களுடையது, மணல், ஜல்லி, செங்கல் உள்ளிட்ட மற்றவை அவருடையது என்று பிரித்துக்கொள்வதும் உண்டு. வரியிலும் வேறுபாடு இருக்கிறது. தனி வீட்டுக்கான லேபர் கான்ட்ராக்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளோடு சேர்ந்த ஒப்பந்தத்தில், அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீதம் சேரும். 30 லட்ச ரூபாய் வேலைக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். சதுர அடி விலை சொல்லும்போதே வரி உள்ளடக்கமா, தனியா என்று கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், கூரை போட்ட மறுவாரம் அந்தப் பேச்சு எழும்.

ஒரே நிதியாண்டில் ஒருவருக்கு 50 லட்சத்துக்கு மேல் கொடுப்பதானால், வீட்டுக்காரர் 2 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பலரும் பணக் கணக்குப் பார்க்கிறார்கள். நான் நேரக் கணக்குப் பார்க்கச் சொல்வேன். வேலை நடக்கும் இடத்தில் தினமும் இரண்டு மணி நேரம் நிற்க உங்கள் வீட்டில் ஆள் இருந்தால் லேபர் கான்ட்ராக்ட் ஆகும். பணி ஓய்வு பெற்ற அப்பாக்களால் சேலத்தில் எழுந்து நிற்கும் வீடுகள் ஏராளம். பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவருக்கு அது ஆகாது. அவர் ஃபுல் கான்ட்ராக்டே கொடுத்து, மிச்சம்பிடித்ததாக நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தனிப் பொறியாளருக்குக் கொடுப்பது மேல். ஃபுல் கான்ட்ராக்டில் பொருளில் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் ஒப்பந்ததாரருக்கு லாபம் என்பதை மறக்கக் கூடாது. அதற்காக அவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார், ஆனால் பொருளை எழுத்தில் கட்டிப்போட வேண்டியது நம் வேலை.

சதுர அடி என்பது எது

எங்கள் வீட்டில் சண்டை வந்த இடத்தைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் “சதுர அடிக்கு இவ்வளவு” என்று மட்டும் இருந்தது. எந்தச் சதுர அடி என்று இல்லை. வரைபடத்தின் உள்பரப்பை வைத்து நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இறுதிப் பில்லில் கான்ட்ராக்டர் போர்ட்டிகோ, பால்கனி, படிக்கட்டின் ஹெட்ரூம், லாஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்ததோடு, ஜன்னல்களின் மேலுள்ள சன்ஷேடையும் முழு அளவாகச் சேர்த்திருந்தார். இரண்டடி அகலச் சன்ஷேட் வீட்டைச் சுற்றி மொத்தம் 60 அடி ஓடினால் 120 சதுர அடி; சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 லட்சத்து 40 ஆயிரம். “ஊர் வழக்கம் இதுதான் சார்” என்றார் அவர். பக்கத்துத் தெருவில் வேலை செய்யும் கான்ட்ராக்டரைக் கேட்டால் சன்ஷேட் பாதி அளவு என்றார். மற்றொருவர் சன்ஷேட் கணக்கிலேயே வராது என்றார். மூன்று பேர் சொன்னதும் ஊர் வழக்கம்தான்! கடைசியில் பாதிக்கு ஒப்புக்கொண்டு தீர்த்தோம். ஒப்பந்தத்தில் ஒற்றை வரி எழுதியிருந்தால் தீர்க்க வேண்டிய வழக்கே இருந்திருக்காது.

ஆகவே, அளவு எடுக்கும் முறையை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சுவரின் வெளிப்புறம் வரை அளக்கப்படுமா, பால்கனியும் போர்ட்டிகோவும் முழுதா பாதியா, படிக்கட்டு எத்தனை முறை எண்ணப்படும், சன்ஷேடும் லாஃப்டும் சதுர அடி விலைக்குள் அடங்குமா என்று ஒவ்வொன்றுக்கும் விடை இருக்க வேண்டும். அதன் பிறகு, சதுர அடி விலையில் வராதவற்றின் பட்டியல்: தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல், மாடித் தட்டோடு, தற்காலிக மின் இணைப்பின் கட்டணம். அஸ்திவார ஆழமும் இதில் சேரும். சேலத்தில் ஒரு மனையில் நாலடியில் பாறை வரும்; ஏரிப்பாங்கான இன்னொரு மனையில் எட்டடி போனாலும் களிமண்ணாக இருக்கும். எத்தனை அடி வரை விலைக்குள் அடக்கம், அதற்கு மேல் போனால் கன அடிக்கு என்ன விலை, பாறை வந்தால் உடைக்கும் செலவு யாருடையது என்று இப்போதே பேசிவிட வேண்டும். வானம் தோண்டிவிட்ட பிறகு பேசினால் பேரம் அவர் கையில்தான் இருக்கும்.

பொருள்களைப் பொறுத்தவரை, “நல்ல தரமான” என்ற சொல்லையும் “அல்லது அதற்கு இணையான” என்ற சொல்லையும் ஒப்பந்தத்தில் கண்டால் அடித்துவிடுங்கள். சிமென்டுக்கு நிறுவனப் பெயரும் வகையும், கம்பிக்கு நிறுவனப் பெயரும் எஃப்இ 500டி அல்லது 550டி என்ற தரமும், கான்கிரீட்டுக்கு எம் 20 அல்லது பொறியாளர் குறித்த தரமும், வயர், குழாய், சுவிட்சுக்குப் பெயரும், டைல்ஸுக்குச் சதுர அடி வாங்கும் விலையும் எழுதப்பட வேண்டும். மணல் என்று பொதுவாக எழுதக் கூடாது. ஆற்று மணல் இன்று எளிதில் கிடைக்காத பொருள். பாறையை உடைத்துச் செய்யும் மணலில் கட்டுமானத்துக்கு எம் சாண்ட், பூச்சுக்குப் பி சாண்ட் என்று பிரித்து எழுதி, பொதுப்பணித் துறையின் மதிப்பீட்டுச் சான்று பெற்ற ஆலையிலிருந்து வர வேண்டும் என்று சேர்க்கலாம். கிரஷர் தூளை எம் சாண்ட் என்ற பெயரில் இறக்குவதைத் தடுக்க இந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

கம்பியைப் பற்றி இரண்டு செய்திகள். “இது நம்ம இரும்பாலைக் கம்பிங்க” என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். சேலம் இரும்பாலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்குப் பெயர்பெற்றது, வீட்டுக் கூரைக்கான டிஎம்டி கம்பிக்கு அன்று. இரண்டாவது, கம்பியை எண்ணி வாங்காமல் எடைபோட்டு வாங்குங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் 0.89 கிலோ; 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறத்தாழ 10.66 கிலோ. 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்று 4.74 கிலோ. இந்தியத் தர நிர்ணயம் 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 5 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது. நாங்கள் ஐந்து கம்பிகளைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். சராசரி ஒன்பதரைக் கிலோவில் நின்றது. லோடு அப்படியே திரும்பிப் போனது. கான்ட்ராக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் அடுத்த லோடு எடைச் சீட்டோடு வந்தது.

பணம் கொடுக்கும் வரிசை

பணத்தைத் தேதிப்படி கொடுக்காமல் வேலைப்படி கொடுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அறியாதது, அந்த வேலைப் பட்டியலையும் முன்பக்கம் கனக்கும்படி எழுத முடியும் என்பது. எனக்கு வந்த முதல் பட்டியலில் பூமி பூஜையன்று 20 சதவீதம், பேஸ்மென்டுக்கு 25, நிலை வைக்கும் நாளில் 20 என்று இருந்தது. அதாவது கூரை வருமுன்பே 65 சதவீதம் கைமாறிவிடும். அதற்குப் பின் அவர் வேலையை விட்டுப் போனாலும் அவருக்கு நட்டமில்லை. நாங்கள் மாற்றி எழுதியது இது: முன்பணம் 5, பேஸ்மென்ட் முடிந்ததும் 15, கதவு, ஜன்னல்களுக்கு மேலே வரும் லின்டல் மட்டத்துக்கு 15, ரூஃப் கான்கிரீட் முடிந்ததும் 20, உள்ளும் புறமும் பூச்சு முடிந்ததும் 15, தரை, மின்சாரம், குழாய் வேலைகளுக்கு 15, பெயின்ட் முடித்துச் சாவி கொடுக்கும்போது 10, மிச்சம் 5 சதவீதம் ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்த பிறகு. மாடி வீடானால் இதைத் தளத்துக்குத் தளம் பிரித்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கடன் வாங்குகிறவர்கள் வங்கி பணம் விடுவிக்கும் கட்டங்களோடு இதைப் பொருத்தி எழுதாவிட்டால், கான்ட்ராக்டர் கேட்கும் நாளும் வங்கி தரும் நாளும் ஒன்றுக்கொன்று எட்டாமல் நடுவில் கைமாற்று தேட வேண்டி வரும்.

நிலை வைக்கும் நாளில் மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு, கான்கிரீட் போடும் நாளில் எல்லோருக்கும் சாப்பாடு என்பவை எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. அவற்றில் கணக்குப் பார்க்காதீர்கள். சென்ட்ரிங் அடித்து மூன்று மாதமாக வெயிலில் நின்றவர்கள் அவர்கள்.

வேலை நடக்கும்போது எந்தக் கட்டத்தில் நிறுத்திப் பார்ப்போம் என்பதையும் எழுதிவிட வேண்டும். கம்பி கட்டி முடித்த பின் உங்கள் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடாமல் கான்கிரீட் போடக் கூடாது என்பது முதல் நிபந்தனை. கான்கிரீட் போடும் நாளில் அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டைகள் எடுத்து 28ஆம் நாள் ஆய்வகத்தில் உடைத்துப் பார்ப்பது அடுத்தது. எம் 20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். பெரிய செலவில்லை, ஆனால் கட்டை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே கலவையில் தண்ணீர் குறையும். நீராற்றும் நாள்களையும் சேருங்கள்: சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், சேலத்துச் சித்திரை வெயிலில் 14 நாள். முட்டுக் கழற்றும் காலத்திலும் அவசரம் கூடாது. நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது சாதாரண சிமென்டுக்கான குறைந்த அளவு. பிபிசி என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். சென்ட்ரிங் பலகை அடுத்த வேலைக்கு வேண்டும் என்பதற்காக ஐந்தாம் நாளே தட்டிக் கழற்ற வருவார்கள். பலகை வாடகை யார் கணக்கு என்பதை எழுதியிருந்தால் அந்த அவசரத்தின் காரணம் புரிந்துவிடும்.

வேலை இடத்தில் ஆள் விழுந்தால் யார் பொறுப்பு என்பதைப் பேசத் தயங்குகிறோம், அபசகுனமாகத் தோன்றுகிறது. ஆனால் சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பம் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீட்டைக் கான்ட்ராக்டர் எடுத்து நகலைத் தர வேண்டும் என்று எழுதுங்கள், நகல் வராமல் முதல் தவணை கொடுக்காதீர்கள். வேலையாட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினர்களா என்றும் கேட்டுக்கொள்ளலாம். அனுமதி வாங்கும்போது அந்த நிதிக்கென்று உங்களிடமும் வசூலிக்கிறார்கள்.

ஏற்காட்டில் கட்டுபவர்களுக்கு

என் மைத்துனர் ஏற்காட்டில் கட்டியபோதுதான், சமவெளியில் நன்றாகக் கட்டுகிறவர் மலையிலும் நன்றாகக் கட்டுவார் என்பது தவறு என்று புரிந்தது. சேர்வராயன் மலைக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருவதால், கீழே உள்ளதுபோல் உடனடி அனுமதியை மட்டும் நம்பி வேலை தொடங்க முடியாது. கனிமவளம், வேளாண் பொறியியல், வனம் முதலிய துறைகளின் கருத்தும் தேவைப்படும். மனையில் மரம் இருந்தால், உங்கள் பட்டா நிலமாகவே இருந்தாலும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது. “நான் பார்த்துக்கிறேன், மேலே எல்லாம் நம்ம ஆளுங்க” என்று கான்ட்ராக்டர் சொன்னால், அனுமதி ஆணையின் நகல் உங்கள் கைக்கு வரும் வரை ஜேசிபி மலையேறக் கூடாது.

மலையில் சதுர அடி விலைக்கு ஏறக்குறைய பொருளே இல்லை. சரிவான மனையில் வீட்டைவிடத் தாங்குசுவருக்கு அதிகம் செலவாவது உண்டு. அந்தச் சுவர் சதுர அடிக் கணக்கில் வராது. ஆகவே தாங்குசுவருக்குத் தனி வடிவமைப்பு, தனி அளவு, தனி விலை வேண்டும். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வேண்டிய துளைகளும், துளைகளுக்குப் பின்னால் ஜல்லி நிரப்புதலும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். மைத்துனர் வீட்டில் துளை விட்டிருந்தார்கள், பின்னால் ஜல்லி போடாமல் வெட்டிய செம்மண்ணையே தள்ளியிருந்தார்கள். பொறியாளர் ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் ஈரச் செம்மண் அப்பிக்கொண்டு வந்தது. எட்டடி உயரம் மறுபடி தோண்டப்பட்டது. தாங்குசுவர் தனித் தவணையாக இருந்ததாலும், அந்தத் தவணை இன்னும் கொடுக்கப்படாததாலும்தான் அது நடந்தது.

பொருளெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையோ குப்பனூர்ப் பாதையையோ ஏறித்தான் வர வேண்டும். விலை பேசும்போது “மனையில் இறக்கிக் கொடுக்கும் விலை” என்று எழுதாவிட்டால், லாரி ரோட்டில் நிற்கும், அங்கிருந்து மனைக்குச் சுமக்கும் கூலி உங்கள் தலையில் விழும். வேலையாட்கள் தினமும் சேலத்திலிருந்து ஏறி இறங்குவார்களா, மேலேயே தங்குவார்களா, தங்கினால் கொட்டகையும் கழிப்பறையும் யார் செலவு என்பதும் இதில் சேரும். மண் வெட்டும் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிக்கும்படி கால அட்டவணை போடுங்கள். கோடை மழை தொடங்கிவிட்டால் வெட்டிய சரிவு காத்திருக்காது. பனிமூட்ட மாதங்களில் பூச்சு காயாமல் பெயின்ட் அடிக்கச் சொல்லி நெருக்கவும் கூடாது. பிள்ளைகளின் விடுமுறைக்குள் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அடித்த பெயின்ட், அடுத்த விடுமுறைக்குள் உரிந்து தொங்கும்.

தகராறு வந்தால்

சொந்த மனையில் ஒரே ஒரு வீடு கட்டுவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் வரம்புக்குள் வராது; ரெராவில் புகார் செய்வேன் என்று மிரட்டிப் பயனில்லை. வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்பதால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம்; 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அங்கே பேசப்போவது முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம், வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் பதிவு, தேதியோடு எடுத்த படங்கள், உங்கள் பொறியாளரின் அறிக்கை ஆகிய நான்கும்தான். கூடுதல் வேலை எதுவானாலும், ஒரு ஜன்னலை இடம் மாற்றுவதாக இருந்தாலும், விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் “சரி” என்று பதில் போட்ட பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

சாவி வாங்கும் நாளில் சாவியோடு வாங்க வேண்டியவை: வயரிங்கும் குழாயும் சுவருக்குள் ஓடும் பாதையைப் பூசும் முன் எடுத்த படங்கள், மோட்டார், கதவு முதலியவற்றின் உத்தரவாதச் சீட்டுகள், மின் ஒப்பந்ததாரரின் பணிநிறைவு அறிக்கை, நீர்க்காப்பு வேலை செய்தவரின் எழுத்து உறுதி. மொட்டை மாடியில் வடிகால் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே பத்து சதவீதத் தவணையைக் கொடுங்கள்.

மைத்துனர் வீட்டில் அந்தச் சோதனையும் ஒழுங்காகவே முடிந்தது. ஆனால் ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பிடித்தபோது, பாரபெட்டின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் கசிந்து வந்தது. படம் எடுத்து அனுப்பினார். நிறுத்தி வைத்த 5 சதவீதம் அப்போதும் அவரிடமே இருந்தது. மறுநாள் காலை முதல் பேருந்தில், நனைந்த கோணிப்பையில் கரணையும் ரசமட்டமும் வைத்துக்கொண்டு மேஸ்திரி வந்து இறங்கினார்.